வெளிச்சத்துக்குத் தப்பும் செல்கள்

உண்ணிச்செடி தின்ற மாட்டை முதலில் நிழலுக்குக் கொண்டுபோகச் சொல்வார் கால்நடை மருத்துவர். ஊசி, மருந்தெல்லாம் அதற்குப் பிறகுதான். மேகமலை அடிவாரத்திலும் வருசநாட்டுப் பக்கமும் கோடையில் புல் காய்ந்துவிட்டால், மேய்ச்சலுக்குப் போன மாடுகள் பசி தாங்காமல் இந்தச் செடியைக் கடித்துவிடுவதுண்டு. இரண்டொரு நாளில் தீனி எடுக்காது. சாணம் இறுகும். கண்ணும் வாயும் மஞ்சளிக்கும். அப்புறம் மூக்கு, காது, இமை, மடி என்று முடி குறைந்த இடங்களில் தோல் சிவந்து வீங்கி, வெடித்து, உரிந்து வரும். வெள்ளையும் கறுப்புமான மாடாக இருந்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். வெள்ளைத் திட்டுகளில் தோல் வெந்திருக்கும். ஒட்டினாற்போல் இருக்கும் கறுப்புத் திட்டு பழுதில்லாமல் இருக்கும். ஒரே மாடு, ஒரே இரத்தம், ஒரே வெயில்.

நடப்பது இதுதான். உண்ணிச்செடி நம் மண்ணின் செடி அல்ல. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்காக இந்தியாவுக்கு வந்து, பின்பு மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை வளைத்துக்கொண்டது. அதன் இலையில் லான்டடீன் என்ற நஞ்சு உண்டு. அது கல்லீரலைத் தாக்கி, பித்தநீர் வடியவிடாமல் அடைக்கிறது. மாடு தின்னும் எந்தப் பச்சையிலும் பச்சையம் இருக்கிறது. அதை இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது பைலோஎரித்ரின் என்ற பொருள் உண்டாகும். கல்லீரல் நன்றாக இருக்கும்வரை அது பித்தத்தோடு வெளியே போய்விடும். கல்லீரல் கெட்டதும் அது இரத்தத்தில் சேர்ந்து தோல்வரைக்கும் வந்து தங்குகிறது. வெயில் பட்டவுடன் அந்தப் பொருள் ஒளியை விழுங்கி, பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனை வெறிகொள்ளச் செய்கிறது. அந்த ஆக்சிஜன் தோலின் செல்களைச் சிதைக்கிறது. கறுப்புத் தோலில் மெலனின் ஒளியைத் தடுத்துவிடுவதால் அடியிலிருக்கும் செல்கள் பிழைக்கின்றன.

மாட்டின் தோலை இப்படிக் கெடுக்கும் அதே வேதிவினையைத்தான் மருத்துவம் புற்றுக்கட்டியின் மீது ஏவுகிறது. ஒளியியக்க சிகிச்சை என்பது அதன் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாகப் பி.டி.டி. என்பார்கள். ஒளியை உண்ணும் ஒரு சாயத்தை நோயாளிக்குக் கொடுக்க வேண்டும். அது கட்டியில் சேரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு அந்த இடத்தில் மட்டும் சிவப்பு ஒளியைப் பாய்ச்ச வேண்டும். சாயம் தனியாகக் கொல்லாது. ஒளியும் தனியாகக் கொல்லாது. சாயம், ஒளி, ஆக்சிஜன் மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடினால்தான் செல் சாகும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனாலும் ஒரே அளவு ஒளி பட்ட கட்டியில் ஒரு செல் சாகிறது, அதன் பக்கத்துச் செல் பிழைத்துக்கொள்கிறது. பிழைத்தது மறுபடி பெருகினால் நோய் திரும்பும். ஆகவே அந்தச் செல் எப்படித் தப்பியது என்ற கேள்வி நோயாளியின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது.

கேள்விக்கு நூற்றிருபது வயதுக்கு மேல் ஆகிறது. மூனிச் நகரில் ஹெர்மன் ஃபான் டாப்பைனரின் ஆய்வகத்தில் ஆஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர், அக்ரிடின் என்ற சாயம் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே அளவு சாயம், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரம். இடிமழையால் இருண்டிருந்த நாளில் உயிரிகள் வெகுநேரம் பிழைத்திருந்தன. வித்தியாசத்துக்குக் காரணம் வெளிச்சம் என்று ராப் பிடித்துவிட்டார். 1900-இல் அதை வெளியிட்டார். 1903-இல் டாப்பைனரும் தோல் மருத்துவர் யேசியோனெக்கும் தோல் கட்டிகளில் இயோசின் சாயம் பூசி ஒளி காட்டிப் பார்த்தார்கள். ஆக்சிஜன் இல்லாமல் இது நடக்காது என்பதும் அதே ஆய்வகத்தில் தெரியவந்தது. பிறகு நெடுங்காலம் இந்தத் துறை உறங்கியது. 1970-களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் தாமஸ் டோஹெர்ட்டி அதை மறுபடி எழுப்பினார். அவர் உருவாக்கிய போர்ஃபிரின் கலவைக்கு 1993-இல் கனடா முதல் ஒப்புதல் அளித்தது.

இங்கே நம் நாட்டு மருந்து ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் வர வாய்ப்பிருக்கிறது. வெண்படைக்குக் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வது சித்த மருத்துவத்தில் பழைய வழக்கம். அதிலுள்ள சோராலென் என்ற பொருளும் ஒளியோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. ஆனால் அதன் வழி வேறு. அது புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு செல்லின் உட்கருவுக்குள் டி.என்.ஏ. இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. பி.டி.டி. சாயங்கள் பெரும்பாலும் உட்கருவுக்குள் போவதில்லை. டி.என்.ஏ.வைத் தொடாததால்தான் அந்தச் சிகிச்சையை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்ய முடிகிறது. கதிர்வீச்சுக்கு அந்த வசதி இல்லை. கார்போகரிசியைப் பூசிப் புற்றுப்புண்ணை வெயிலில் காட்டுவதால் பயன் எதுவும் இல்லை. தோல் வெந்து போவதுதான் மிச்சம்.

இந்தியாவில் இந்தச் சிகிச்சை வாய்ப்புற்றுக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் ஜவஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியினர். ஹார்வர்டின் தயபா ஹசன், பாஸ்டனின் ஜொனாதன் செல்லி ஆகியோரின் குழுக்களோடு சேர்ந்து செய்தார்கள். மேலைநாட்டு மருத்துவமனைகளில் இதற்கு விலையுயர்ந்த லேசர் கருவி வேண்டும். இவர்கள் எல்.இ.டி. விளக்கை வைத்து, கையில் தூக்கிப்போகக் கூடிய மலிவான கருவியைச் செய்தார்கள். வாய்க்குள் ஒளியைக் கொண்டுபோகும் முனைகளை முப்பரிமாண அச்சில் வார்த்தார்கள். சாயம் எங்கே சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு ஸ்மார்ட்போன். கல்லூரிக்கு வந்தவர்களோடு கிராமத்து முகாம்களில் கண்டறியப்பட்டவர்களையும் சேர்த்து 30 நோயாளிகள், அவர்களிடம் 34 புண்கள். எல்லாமே கன்னத்தின் உட்பக்கத்தில் வந்த தொடக்க நிலைப் புற்று. உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்ற கணக்கில் அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். பிறகு 635 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளி, சதுர சென்டிமீட்டருக்கு 100 ஜூல்.

மயக்க மருந்து தேவைப்படவில்லை. பெரிய பக்கவிளைவும் இல்லை. 34 புண்களில் 22 முற்றிலும் மறைந்தன. செல்கள் செத்த ஆழம் சில இடங்களில் 7.2 மில்லிமீட்டர்வரை போனது. கன்னத்தை அறுக்காமல், தழும்பு இல்லாமல் இது கிடைத்தது என்றால் சிறிய காரியமல்ல. கன்னத்தை வெட்டியெடுத்தபின் சோறு மெல்லவும் பேசவும் படும் பாட்டை ஒரு வீட்டிலாவது பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மீதி 12 புண்கள் மறையவில்லை. அதே மருந்து, அதே விளக்கு, அதே கைகள். ஆய்வாளர்கள் சொன்ன காரணம் இரண்டு: கட்டி பெரிதாக இருந்தது, அல்லது ஒளி போதிய அளவு போய்ச் சேரவில்லை. ஒளி போய்ச் சேரவில்லை என்பதை அவர்கள் ஊகிக்கவில்லை, பார்த்தார்கள். அந்த மருந்திலிருந்து செல்லுக்குள் உருவாகும் சாயம் நீல ஒளியில் சிவப்பாக ஒளிரும். வேலை செய்யும்போது தானும் சிதைந்துபோவதால் அந்த ஒளிர்வு மங்கும். சிகிச்சைக்குப் பிறகு எடுத்த படத்தில் ஒளிர்வு மங்கவில்லை என்றால், அங்கே சாயம் இருந்தும் ஒளி வேலை செய்யவில்லை என்று பொருள். ஸ்மார்ட்போன் படத்திலேயே அது தெரிந்துவிட்டது. ஒரு சிகிச்சை தோற்றால் ஏன் தோற்றது என்று அன்றைக்கே காட்டும் வசதி புற்றுநோய் மருத்துவத்தில் அபூர்வம்.

செல் ஏன் தப்புகிறது என்பதை ஒளியின் கணக்கிலிருந்தே தொடங்குவோம். இந்தச் சாயம் மிக அதிகமாக விழுங்குவது 405 நானோமீட்டர் அளவிலான நீல ஊதா ஒளியை. அப்படியானால் அந்த ஒளியையே பாய்ச்சலாமே என்று தோன்றும். நீல ஒளி திசுவில் ஒரு மில்லிமீட்டர்கூட முழுதாகப் போகாது, இரத்தச் சிவப்பணுக்களே அதை விழுங்கிவிடும். சிவப்பு ஒளியைச் சாயம் குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும், ஆனால் அது சில மில்லிமீட்டர் உள்ளே இறங்கும். ஆகவே மருத்துவர்கள் சிவப்பை எடுத்துக்கொள்கிறார்கள். அப்போதும் மேலே இருக்கும் செல் வாங்கும் ஒளிக்கும் ஐந்து மில்லிமீட்டர் கீழே இருக்கும் செல் வாங்கும் ஒளிக்கும் மடங்குக் கணக்கில் வித்தியாசம். மெலனின் நிறைந்த கட்டிகளில் இது இன்னும் மோசம். கறுத்த மெலனோமா வகைப் புற்று பி.டி.டி.க்கு எளிதில் மசிவதில்லை. அங்கே நடப்பதும் மாட்டின் கறுப்புத் திட்டில் நடப்பதும் ஒன்றே.

ஆனால் பெட்ரித் தட்டில் ஒரே அடுக்காகச் செல்களைப் பரப்பி, எல்லாவற்றுக்கும் சரிசமமாக ஒளி காட்டினாலும் ஒன்று சாகிறது, ஒன்று பிழைக்கிறது. அதற்குச் செல்லின் உள்ளே போக வேண்டும்.

அமினோலெவுலினிக் அமிலம் சாயம் அல்ல, சாயத்துக்கான மூலப்பொருள். நம் உடலில் அநேகமாக ஒவ்வொரு செல்லும் ஹீம் என்ற பொருளைத் தயாரிக்கிறது. இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினில் இருப்பதும் அதுதான். அந்தத் தயாரிப்பில் எட்டுப் படிகள். முதல் படியில் உண்டாவது இந்த அமிலம். ஏழாவது படியில் புரோட்டோபோர்ஃபிரின் உண்டாகிறது. எட்டாவது படியில் ஃபெரோகெலட்டேஸ் என்ற நொதி அதற்குள் ஓர் இரும்பு அணுவைப் பொருத்தினால் ஹீம் தயார். ஹீம் ஒளிக்கு அசையாது. அதற்கு முந்தைய புரோட்டோபோர்ஃபிரின்தான் ஒளியை உண்டு கொல்லும் சாயம். மாட்டைப் படுத்தும் பைலோஎரித்ரினுக்கு அது உறவு. சாதாரணமாக ஹீம் சேரச் சேர முதல் படி தானாகவே நின்றுவிடும், அதனால் எங்கும் தேங்காது. மருந்தாக அமிலத்தை வெளியிலிருந்து கொடுக்கும்போது அந்தத் தடையைத் தாண்டிப் பொருள் உள்ளே வந்து குவிகிறது. 1990-இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் கென்னடியும் பாட்டியரும் இதைச் சிகிச்சையாக்கினார்கள்.

குவிந்த பொருள் எங்கே தேங்கும் என்பதில்தான் செல்லுக்குச் செல் வேறுபாடு தொடங்குகிறது. போடியிலும் கம்பத்திலும் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தவர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். காய் வந்துகொண்டே இருக்கிறது, காயவைப்பவர்களும் சலிப்பவர்களும் வேகமாக வேலை செய்கிறார்கள், கடைசியில் தரம் பிரிக்கும் இடத்தில் மட்டும் ஆள் குறைவு என்றால் மூட்டைகள் அந்த வாசலில்தான் அடுக்கி நிற்கும். பல புற்றுச்செல்களில் முன்படிகளின் நொதிகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன, ஃபெரோகெலட்டேஸ் மந்தமாக இருக்கிறது, கைவசம் இரும்பும் குறைவு. ஆகவே புரோட்டோபோர்ஃபிரின் தேங்குகிறது. பக்கத்திலுள்ள நல்ல செல் அதையெல்லாம் ஹீமாக்கி முடித்துவிடுகிறது. சாயம் கட்டியைத் தேர்ந்தெடுக்கிறது என்று நாம் சொல்வதற்கு அடியில் இருப்பது இந்த வேகக் கணக்கு. இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மருந்தைக் கூடக் கொடுத்தால் சாயம் இன்னும் அதிகமாகத் தேங்குவது அதனால்தான்.

எல்லாப் புற்றுச்செல்லும் இப்படி இல்லை. சில செல்களின் மேல்சவ்வில் அமிலத்தை உள்ளே எடுத்துவரும் புரதம் குறைவாக இருக்கிறது. சிலவற்றில் ஃபெரோகெலட்டேஸ் நன்றாகவே வேலை செய்கிறது. வேறு சில, உண்டான சாயத்தை வெளியே இறைத்துத் தள்ளுகின்றன. ஏ.பி.சி.ஜி.2 என்ற புரதம் அந்த வேலையைச் செய்கிறது. கீமோ மருந்துகள் சிலவற்றையும் இதே புரதம் வெளியேற்றுகிறது. கட்டியை மறுபடி முளைக்கவைக்கும் வேர்ச்செல் போன்ற செல்களில் இது மிகுதியாகக் காணப்படுவதுதான் கவலை தருவது. அதாவது, யார் சாக வேண்டுமோ அவர்களிடமே சாயம் குறைவாக இருக்கலாம்.

செல் எவ்வளவு முதிர்ந்தது என்பதும் சாயத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டையோ வைட்டமின் டி-யின் செயல்வடிவத்தையோ முன்கூட்டிக் கொடுத்துச் செல்களைக் கொஞ்சம் முதிரவைத்தால் சாயம் கூடுதலாகச் சேர்வதைத் தயபா ஹசனும் கிளீவ்லாந்தின் எட்வர்ட் மேட்டினும் காட்டினார்கள். புது மருந்து தேடாமல், இருக்கும் செல்லைச் சிகிச்சைக்குத் தயார்செய்யும் இந்த யோசனை எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிறது. அந்த மருந்துகள் பழையவை, மலிவானவை, நம் ஊர் மருந்துக்கடைகளிலும் உள்ளவை. மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் கொடுக்க வேண்டியவை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இனி ஆக்சிஜன். ஒளியை விழுங்கிய சாய மூலக்கூறு தன் ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கொடுக்கும்போது ஒற்றைநிலை ஆக்சிஜன் உண்டாகிறது. கொலைகாரன் அதுதான். ஆனால் கட்டிக்குள் எல்லா இடத்திலும் ஆக்சிஜன் கிடைப்பதில்லை. இரத்த நுண்குழாயிலிருந்து ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் தூரம்வரைதான் அது ஊறிப் போகும். அதற்கு அப்பால் இருக்கும் செல்கள் மூச்சுத் திணறிக்கொண்டே வாழப் பழகியவை. கதிர்வீச்சு சிகிச்சைக்கும் இவை அடங்குவதில்லை, அங்கும் ஆக்சிஜன் தேவை. பி.டி.டி.யில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒளியை மிகப் பலமாகப் பாய்ச்சினால், இரத்தம் கொண்டுவருவதைவிட வேகமாக ஆக்சிஜன் தீர்ந்துபோகும். சிகிச்சையே சிகிச்சையைக் கெடுக்கும். அதனால்தான் ஒளியை மெதுவாகக் கொடுப்பதும், கொஞ்சம் கொடுத்து நிறுத்தி இரத்தம் ஓடவிட்டு மறுபடி கொடுப்பதும் சில நேரங்களில் கூடுதல் பலன் தருகின்றன. பாக்கு மென்று மென்று வாய் திறக்க முடியாதபடி கன்னத்தின் உட்பக்கம் நாராக இறுகிப்போகும் நோய் நம் ஊர்களில் உண்டு. இறுகிய அந்தத் திசுவில் இரத்த ஓட்டம் குறைந்துவிடும். அப்படிப்பட்ட வாயில் ஒளிச் சிகிச்சை எப்படி நடக்கும் என்பதை மேலைநாட்டு நோயாளிகளை வைத்து எழுதிய அட்டவணைகள் சொல்லாது. நம் நோயாளிகளிடம்தான் அளந்து பார்க்க வேண்டும்.

சாயமும் ஒளியும் ஆக்சிஜனும் மூன்றும் கிடைத்த செல்லும் சாகும் என்று உறுதியில்லை. ஒற்றைநிலை ஆக்சிஜன் மைக்ரோவினாடிக் கணக்கில்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் அது நகரக்கூடிய தூரம் சுமார் 0.1 மைக்ரோமீட்டர். ஒரு செல்லின் அகலம் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். ஆகவே சாயம் செல்லுக்குள் எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறை மட்டுமே அடிபடும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவில் சாயம் இருந்தால், அதன் சவ்வு ஓட்டையாகி, உள்ளிருந்து கசியும் சைட்டோகுரோம் சி செல்லின் தற்கொலை நிரலைத் தொடங்கிவைக்கும். செல் அமைதியாகச் சுருங்கி மடியும். அமினோலெவுலினிக் அமிலத்திலிருந்து வரும் சாயம் மைட்டோகாண்டிரியாவிலேயே உருவாவதால் பெரும்பாலும் இந்த வழிதான். மேல்சவ்வில் இருந்தால் செல் வீங்கி வெடிக்கும். குப்பைகளைச் செரிக்கும் லைசோசோமில் இருந்தால் அங்குள்ள நொதிகள் கசிந்து வேறொரு வழியில் சாவு வரும். அமெரிக்காவின் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் கெஸ்ஸல் பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்தார். எவ்வளவு சாயம் என்பதோடு எங்கே இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும் என்று இந்தத் துறை கற்றுக்கொண்டது பெரிதும் அவர் வேலையால்தான்.

அடிபட்ட செல் சும்மா இருப்பதுமில்லை. குளுட்டாத்தயோன், கேட்டலேஸ் போன்றவை சீறிவரும் ஆக்சிஜன் வகைகளை அடக்குகின்றன. புகையிலைப் பழக்கத்தில் வந்த சில புற்றுகளில் இந்தப் பாதுகாப்பைத் தூண்டும் என்.ஆர்.எஃப்.2 என்ற புரதம் எப்போதும் விழித்தே இருக்கும்படி மரபணு மாறியிருக்கிறது. வருடக்கணக்கில் நஞ்சோடு வாழ்ந்த செல் நஞ்சைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டிருப்பதில் ஆச்சரியமில்லை. சேதமான புரதங்களைச் சரிசெய்ய வெப்பத் தாக்குப் புரதங்கள் வருகின்றன. கெட்டுப்போன மைட்டோகாண்டிரியாவை மட்டும் பிரித்துச் செரித்துவிட்டு மீதியைக் காப்பாற்றும் தன்னுண்ணல் முறையும் உண்டு. அரைகுறையாக அடிபட்டுத் தப்பிய செல்கள் புது இரத்தக் குழாய்களை வரவழைக்கும் சைகைகளை அனுப்புவதும் பார்க்கப்பட்டிருக்கிறது. குறைந்த அளவு ஒளி என்பது மென்மையான சிகிச்சை அல்ல. சில நேரங்களில் அது சிகிச்சையே கொடுக்காமல் இருப்பதைவிட மோசமாகலாம்.

ஒரே தாய்ச்செல்லிலிருந்து பிறந்த இரண்டு செல்கள்கூட ஒன்றுபோல் இல்லை. ஒன்று பிரிவதற்குத் தயாராகிக்கொண்டிருக்கும், மற்றொன்று ஓய்வில் இருக்கும். ஒன்றில் குளுட்டாத்தயோன் கூடுதலாக இருக்கும், அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஆகவே எந்த அளவு ஒளியிலும் எல்லாச் செல்லும் ஒரே கணத்தில் சாவதில்லை. மருத்துவர் செய்ய வேண்டியது, மிகத் தாக்குப்பிடிக்கும் செல்லுக்கும் தப்ப வழியில்லாத அளவைக் கண்டுபிடிப்பது. அது சிறிய, மெல்லிய கட்டியில் முடிகிறது. பெரிய கட்டியில் ஆழமும் ஆக்சிஜன் பஞ்சமும் வகைவகையான செல்களும் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. அலிகாரில் மறையாத புண்களின் கதையும் இதுதான்.

இந்தக் கணக்கை வேறு கோணத்தில் போட்டவர்களும் உண்டு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிசதகா கோபயாஷி, சாயத்தை ஓர் எதிர்ப்பொருளோடு கோத்தார். அந்த எதிர்ப்பொருள் தலை, கழுத்துப் புற்றுச்செல்களின் மேல்சவ்வில் மிகுதியாக உள்ள ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 690 நானோமீட்டர் ஒளி பட்டதும் அந்தச் சவ்வே கிழியும். 2020 செப்டம்பரில் ஜப்பான் இதற்கு ஒப்புதல் தந்தது. செல்லின் ஹீம் தயாரிப்பு வேகத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை என்பது இதன் நன்மை. விலைதான் நமக்கு எட்டாதது. தவிர, அந்தப் புரதம் குறைவாக உள்ள செல் இங்கேயும் தப்பிக்கும். நம் பக்கத்தில், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் துறையினர் சாயமே கொடுக்காமல், வாய்த் திசு இயல்பாக வெளியிடும் ஒளிர்வை வைத்துப் புற்றை இனங்காணும் வழிகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். சிகிச்சைக்கும் முந்தைய படி அது. நம் ஊருக்கு அதுவே அவசரத் தேவை என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் வாய்ப்புற்று நம் நோய். உலகில் வாய்ப்புற்று வருபவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள். சின்னமனூர் வெற்றிலைக்குப் பெயர் போன ஊர். விடியலில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் பெண்கள் பலரின் சுருக்குப்பையில் வெற்றிலையும் பாக்கும் போயிலையும் இருக்கும். பசியையும் அலுப்பையும் அடக்க அது வேண்டியிருக்கிறது என்பார்கள். அந்த உழைப்பைப் பார்த்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கன்னத்தில் அடக்கி வைக்கும் இடத்தில்தான் புண் வருகிறது. போயிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. 2013-இல் தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்தது. பாக்கு அப்படியே இருக்கிறது.

ஒளிச் சிகிச்சை இன்று நம் மாவட்ட மருத்துவமனைகளில் வழக்கமாகக் கிடைப்பதல்ல. வாய்ப்புற்றுக்கு அறுவையும் கதிர்வீச்சும்தான் முதன்மைச் சிகிச்சை. நாளை அது வந்தாலும் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் புண்ணுக்குத்தான் பயன்படும் என்று மேலே பார்த்த அத்தனை காரணங்களும் சொல்கின்றன. அந்தக் கட்டத்தில் புண்ணைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. மலைக்கு அந்தப்பக்கம், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெறும் கண்ணால் வாயைப் பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றால் வரும் சாவு 34 சதவீதம் குறைந்தது. 2005-இல் லான்செட் இதழில் சங்கரநாராயணனும் உடன் ஆய்வாளர்களும் அதை வெளியிட்டார்கள். ஒரு டார்ச் விளக்கும் பார்க்கத் தெரிந்த கண்ணும் செய்த வேலை அது.

வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள், போயிலை அடக்குகிறவர்கள், பீடி பிடிக்கிறவர்கள் மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கன்னத்தை விலக்கிப் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடிப்பக்கத்தையும் பாருங்கள். வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, வாய் முன்போல் திறக்காத இறுக்கம், மூன்று வாரமாகியும் ஆறாத புண் இவற்றில் எது இருந்தாலும் வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தொடக்கத்தில் இது வலிக்காது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அந்த வாரமே காட்டுங்கள். வீட்டில் அம்மாவோ அப்பத்தாவோ போயிலை போடுபவராக இருந்தால், அவர்கள் வாயை நீங்களே பார்த்துவிடுங்கள்.